அப்பச்சி விட்டுப்போன துப்பாக்கி: லைசென்ஸ், காலிபர், தோள் தாங்கும் உதை

அப்பச்சி (எங்கள் பக்கம் அப்பாவை இப்படித்தான் அழைப்போம்) தவறியபோது கானாடுகாத்தான் பக்கம் உள்ள எங்கள் வீட்டுப் பெட்டகத்தில் இரண்டு துப்பாக்கிகள் இருந்தன. ஒன்று இங்கிலாந்தில் செய்த பன்னிரண்டு போர் (bore, குழல் அளவு) இரட்டைக்குழல். மற்றது ஐயா, அதாவது தாத்தா, காலத்து .318 ரைபிள். இவற்றை என்ன செய்வது என்று தெரியாமல் நான் அலைந்தது ஒன்பது மாதம். அதில் பாதிக்கு மேல் என் சொந்தத் தவறால் போனது. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் இன்னும் எத்தனையோ வீடுகளில் இப்படி ஒரு துப்பாக்கி தூங்கிக்கொண்டிருக்கிறது. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

துப்பாக்கி என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது, "எந்தக் காலிபர் நல்லது?" காலிபர் என்பது குழலின் உள்விட்டம், அதற்கேற்ற தோட்டாவின் அளவு. நம் ஊரில் அது கடைசிக் கேள்வி. சட்டம் எதைக் கொடுக்கும், கடையில் எந்தத் தோட்டா கிடைக்கும், சுடும்போது துப்பாக்கி பின்னுக்குத் தள்ளும் உதையை உங்கள் தோள் எவ்வளவு தாங்கும் என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனால் காலிபர் தானாக வந்து நிற்கும். நான் தலைகீழாகப் போனவன்.

1. முதல் வேலை: துப்பாக்கியை டெபாசிட் செய்யுங்கள்

லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால் அவருடைய லைசென்ஸ் உங்களைக் காப்பாற்றாது. பெட்டகத்தில் கிடப்பது, கணக்குப்படி, லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, தாமதம் இல்லாமல் பக்கத்துக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்கச் சொல்கிறது. நான் கருமாதி முடியட்டும், சொந்தக்காரர்கள் ஊர் திரும்பட்டும் என்று ஒன்றரை மாதம் கடத்தினேன். அப்புறம் ஏன் தாமதம் என்று எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. சிறைத் தண்டனை வரை போகக்கூடிய விஷயம் இது, துக்க வீடு என்பதெல்லாம் சட்டத்துக்குத் தெரியாது.

ஒப்படைக்கும் முன் எண்ணைச் சரிபாருங்கள். நான் செய்யாதது இது. இரட்டைக்குழலை மடக்கி, விசைக் காப்பின் மேல் படிந்திருந்த பிசுக்கை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தால்தான் எண் தெரியும். நான் அவசரத்தில் 8-ஐ 3 என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ரசீதில் ஓர் எண், லைசென்ஸ் புத்தகத்தில் வேறு எண். ஓர் இலக்கத்தைத் திருத்த ஆறு வாரம் ஆனது. தோட்டாக்களையும் எண்ணிக் கொடுங்கள், ரசீதில் எண்ணிக்கையை எழுதி வாங்குங்கள். பெட்டகத்தின் அடியில் உதிரியாக நாலு தோட்டா அப்புறம் கிடைத்தால் அதுவும் குற்றம்தான்.

கடையில் வைத்தால் மாதவாடகை உண்டு. காவல் நிலையத்தில் செலவு குறைவு, ஆனால் எண்ணெய் போட ஆள் இருக்காது. துரு பிடிக்கக் கூடாதென்றால் கடைதான். இன்னொன்று, டெபாசிட் நிரந்தரம் இல்லை. கெடுவுக்குள் மாற்றிக்கொள்ளவோ விற்கவோ வேண்டும், இல்லையென்றால் அரசுக்குப் போய்விடும்.

2. வேட்டை நினைப்பை முகப்பிலேயே கழற்றிவிடுங்கள்

ஐயா முயலும் கௌதாரியும் அடித்த கதைகள் எல்லா வீட்டிலும் உண்டு. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991-ஆம் ஆண்டுத் திருத்தமும் வந்ததோடு அந்தக் காலம் முடிந்தது. கண்மாய்க்கரை முயல், கௌதாரி, காட்டுக்காடை எதையும் தொட முடியாது. நம் மேசைக்கு வரும் காடை பண்ணையில் வளர்ந்தது. விளைச்சலை அழிக்கும் காட்டுப்பன்றியாவது? காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் தாண்டி வந்த பன்றியைச் சுட 2025-இல் அனுமதி அறிவித்தார்கள். ஆனால் சுடுவது வனத்துறை ஆட்கள், நீங்களோ நானோ இல்லை.

விண்ணப்பத்தில் காரணம் எழுதும் இடத்தில் 'வேட்டை' என்ற சொல்லே வரக்கூடாது. குடும்பச் சொத்து, தற்காப்பு, பயிர்ப் பாதுகாப்பு, இலக்குச் சுடுதல், இவற்றில் எது உண்மையோ அதை எழுதுங்கள். வேட்டங்குடிச் சரணாலயப் பறவைகளுக்காக தீபாவளிக்கே வெடி வெடிக்காத கிராமத்துக்காரர்கள் இருக்கிற மாவட்டம் இது. இங்கே 'ரெண்டு கொக்கு' என்று பேசினால் ஊரே புகார் எழுதிக் கொடுத்துவிடும்.

3. யார் யார் கையெழுத்து வேண்டும்

நான் வீணாக்கிய நாட்களில் பெரும்பகுதி இங்கேதான். வீடு பங்காளிகள் பதினோரு புள்ளிக்கு, அதாவது பதினோரு குடும்பத்துக்கு, பொது. அதனால் துப்பாக்கிக்கும் பதினோரு பேரும் சம்மதிக்க வேண்டும் என்று நினைத்து, சென்னை, கோயம்புத்தூர், ஈப்போ என்று துரத்திக் கையெழுத்து வாங்கினேன். ஒன்றுமே தேவையில்லை. வீடு யாருடையதாக இருந்தாலும் துப்பாக்கி லைசென்ஸில் பெயர் உள்ளவருடையது. அவருடைய சட்டப்படியான வாரிசுகள் மட்டும் ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுத்தால் போதும்.

அந்த வாரிசுகளில் ஒருவரையும் விடாதீர்கள். பதினோரு பங்காளிகளிடம் வாங்கிய நான் ஆத்தாவிடம் (அம்மாவிடம்) வாங்க மறந்தேன்! கட்டிக்கொடுத்த ஆச்சியும், அதாவது அக்காவும், வாரிசுதான். வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையொப்பத்துக்குச் சான்று வாங்கி அனுப்பலாம். அவர்கள் பவர் எழுதி அனுப்பினால், தாள் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டிவிடுங்கள். எங்கள் ஆச்சி கோலாலம்பூரில் இருந்து முதலில் வாட்ஸாப்பில் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். "இது போதாதாப்பா?" என்றாள். போதாது.

அப்பச்சி உயிரோடு இருக்கிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி லைசென்ஸ்தாரருக்கு எழுபது வயது ஆனாலோ, துப்பாக்கியை இருபத்தைந்து ஆண்டு வைத்திருந்தாலோ, அவரே தன் வாரிசுகளில் ஒருவரைச் சொல்லி மாற்றிக் கொடுக்கலாம். அவர் கையெழுத்துப் போடும்போதே முடித்துவிடுங்கள்.

4. கோப்பு

எந்த ஆட்சியர் அலுவலகம் என்பதில் ஒரு சிக்கல் உண்டு. காரைக்குடி, கானாடுகாத்தான் எல்லாம் சிவகங்கை மாவட்டம். கோனாபட்டு புதுக்கோட்டை மாவட்டம். ஆனால் பார்க்க வேண்டியது வீடு எங்கே என்பதை அல்ல, நீங்கள் குடியிருப்பது எங்கே என்பதை. மதுரையில் குடியிருந்துகொண்டு ஊர் வீட்டு முகவரியில் போட்டால் விசாரணைக்கு வருபவர் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் போவார். வருஷத்தில் பத்து நாள் திறக்கும் வீட்டில் துப்பாக்கி இருப்பது பாதுகாப்பு என்று யாரும் ஒப்புக்கொள்ளவும் மாட்டார்கள்.

கோப்பில் இவை இருக்க வேண்டும்: இறப்புச் சான்றிதழ், இ-சேவை வழியாக வாங்கிய வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபமின்மைப் பத்திரம், அசல் லைசென்ஸ் புத்தகம், டெபாசிட் ரசீது, ஏ-1 படிவத்தில் விண்ணப்பம், வயதுக்கும் முகவரிக்கும் சான்று, படங்கள், எஸ்-3 படிவத்தில் மருத்துவச் சான்று, எஸ்-2 படிவத்தில் பத்திரமாக வைப்பேன் என்ற உறுதிமொழி, எஸ்-1 படிவத்தில் துப்பாக்கியைக் கையாளப் பயிற்சி பெற்ற சான்று. இந்தப் பயிற்சிச் சான்றைத்தான் பலர் கடைசியில் நினைத்துக்கொள்கிறார்கள். முதல் வாரமே பதிந்துவையுங்கள். பழைய புத்தகத்தில் யூஐஎன் என்ற தனி அடையாள எண் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த எண் இல்லாத லைசென்ஸ் செல்லாது.

உங்களுக்கு இருபத்தொரு வயது நிரம்பியிருக்க வேண்டும். ஓர் ஆளுக்கு இரண்டு துப்பாக்கிதான். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன் மூன்று இருந்தது. வாரிசாக வந்தது என்று சொன்னாலும் அதே இரண்டுதான்.

5. தோட்டா கிடைக்குமா?

.318 ரைபிளைத் தோளில் வைத்துப் பார்த்தவர்கள் எல்லோரும் அதைத்தான் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். வாதுமைக் கட்டை, மெலிந்த குழல், பார்க்கவே ஒரு கம்பீரம். கடைக்காரர் ஒருவரிடம் தோட்டா கேட்டேன். "பாத்துப் பல வருஷம் ஆச்சுண்ணே. வேணும்னா உங்க ஐயா பெட்டியிலதான் இருக்கும்," என்றார். பெட்டியில் ஏழு இருந்தன, பித்தளையில் பச்சை பூத்து. தோட்டா இல்லாத ரைபிள் நல்ல தடி, அவ்வளவுதான். அதை டெபாசிட்டில் இருந்தபடியே லைசென்ஸ் உள்ள ஒருவருக்கு விற்றேன். தம்பி இரண்டு நாள் பேசவில்லை.

அந்த இடத்தில் எதை வாங்குவது? .303, 7.62 எம்எம் இரண்டும் தடைசெய்யப்பட்ட போர். அவற்றை மத்திய உள்துறைதான் கொடுக்க முடியும். 7.62-இன் உடன்பிறப்பான .308-ஐயும் மறந்துவிடுங்கள். தனிஆள் வெளிநாட்டிலிருந்து புதிதாக இறக்குமதி செய்ய முடியாது, பெயர்பெற்ற விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் விலக்கு. ஆக, புதிதாக வாங்குவதென்றால் அரசுத் தொழிற்சாலை ரைபிள்கள்: .315, .30-06, .22. முதல் இரண்டும் முழு உதை உள்ளவை.

சட்டமே ஒரு ஜாடை காட்டுகிறது. 13-ஆம் பிரிவில் இரண்டு வகைக்கு மட்டும் வழி எளிது. தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ வைக்கும், குழல் இருபது அங்குலத்துக்குக் குறையாத வழவழப்புக் குழல் துப்பாக்கி (பன்னிரண்டு போர் மாதிரி, குழலுக்குள் வரி இல்லாதது) ஒன்று. அங்கீகாரம் பெற்ற ரைபிள் கிளப் உறுப்பினர் இலக்குப் பயிற்சிக்குக் கேட்கும் .22 ரைபிள் இன்னொன்று. மற்ற ரைபிள்களுக்கு ஏன் வேண்டும் என்று நீங்கள் மெய்ப்பிக்க வேண்டும். மதுரை, திருச்சி இரண்டு ஊரிலும் கிளப் இருக்கிறது. நான் முதலில் உறுப்பினராகி, அப்புறம் .22 கேட்டேன்.

6. உதைக் கணக்கு

உதையை அடி-பவுண்டில் சொல்வார்கள். ஒரு பவுண்டு எடையை ஓர் அடி தூக்கும் வேலைதான் ஓர் அடி-பவுண்டு. குண்டின் எடை, வேகம், வெடிமருந்தின் எடை இவை கூடினால் உதை கூடும். துப்பாக்கியின் எடை கூடினால் குறையும். எட்டு பவுண்டு ரைபிளில், தோட்டா வகை வாரியாகச் சுமாராக இப்படி வரும்: .22-க்கு ஒன்றுகூட இல்லை. .243-க்கு எட்டு, ஒன்பது. 6.5 கிரீட்மோர், 7x57 இரண்டும் பன்னிரண்டை ஒட்டி. .308-க்குப் பதினைந்து. .30-06-க்கு இருபது. .300 மேக்னம் இருபத்தாறு.

பன்னிரண்டு போருக்கு? ஏழு பவுண்டு துப்பாக்கியில் ஒன்றே கால் அவுன்ஸுக்குச் சற்றுக் குறைந்த பால்ரஸ் (சிறுகுண்டுகள் அடைத்த) தோட்டா போட்டாலே இருபதைத் தாண்டும். 'ரைபிள்தான் உதைக்கும், இது சும்மா' என்று நம்மவர்கள் சொல்வது பொய். எப்போதாவது சுடுகிறவருக்குப் பதினைந்து வரை பரவாயில்லை என்பது என் கணக்கு. அதற்கு மேலே போனால் விசையை இழுக்கும் முன்பே கண் மூடிக்கொள்ளும், குறி தப்பும். கூச்சம் ஒருமுறை பிடித்துவிட்டால் விடாது, .22-க்கே வெட்டி இழுப்பீர்கள்.

'தூக்க லேசாக இருக்கட்டும்' என்று ஆறு பவுண்டு ரைபிளைத் தேர்ந்தெடுப்பது இன்னொரு பொறி. எட்டு பவுண்டில் பதினைந்து உதைத்த அதே தோட்டா ஆறு பவுண்டில் இருபதுக்குப் பக்கம் உதைக்கும்.

கட்டை நீளத்தையும் பாருங்கள். முழங்கையை மடக்கி அந்தக் குழியில் பின்கட்டையை வைத்தால் ஆள்காட்டி விரலின் முதல் கணு விசைக்கு எட்ட வேண்டும். ஐயா என்னைவிட அரையடி உயரம். அவர் அளவுக் கட்டை என் கைக்கடியில் மாட்டிக்கொண்டு, தோள்குழிக்குப் பதிலாகப் புஜத்தில் போய் உட்கார்ந்தது. பின்கட்டையை அரை அங்குலம் குறைத்து ரப்பர் பட்டை வைத்த பிறகுதான் சுட முடிந்தது. அதை லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையில் கொடுத்துச் செய்யுங்கள், தச்சரிடம் கொடுக்காதீர்கள்.

லைசென்ஸுக்குக் காத்திருக்கும் மாதங்களைச் சும்மா விடாதீர்கள். குழல் .177 அளவும் சக்தி இருபது ஜூலும் தாண்டாத ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம், அடையாளச் சான்று கொடுத்து வாங்கலாம். குறி பார்ப்பது, மூச்சை அடக்குவது, விசையை மெல்ல அழுத்துவது எல்லாம் அதிலேயே பழகிவிடும். வீட்டுக் கல்யாணக் கொட்டகையில் பின்சுவர் ஓரம் மணல்மூட்டை அடுக்கி நான் பழகினேன். சுவரில் பட்டுத் தெறித்த ஒரு குண்டு ஆத்தங்குடிக் கல் ஒன்றைச் சில்லு எடுத்தது. ஆத்தாவுக்கு இன்னும் சொல்லவில்லை. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

7. பழைய இரட்டைக்குழலைச் சுடுமுன்

அந்தக் கால ஆங்கிலத் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறை இரண்டரை அங்குலம், வழக்கில் 65 மில்லிமீட்டர் என்பார்கள். இன்றைய தோட்டாக்களில் பல 70 மில்லிமீட்டர். அபாயம் என்னவென்றால், 70 தோட்டா 65 அறைக்குள் அழகாகப் போய் உட்காரும். அந்த 70 என்பது சுட்ட பிறகு வாய் விரிந்த நீளம். விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். உதை கூடும், குழலுக்கும் ஆபத்து. குழலின் அடியில் உள்ள முத்திரைகளைத் தெரிந்தவரிடம் காட்டி அளந்துகொள்ளுங்கள். குழலில் தண்ணீர் வரி மாதிரிக் கோலம் ஓடினால் அது டமாஸ்கஸ் குழல், இன்றைய மருந்துக்கு ஆகாது. அதைச் சுவருக்கு வைத்துக்கொள்ளுங்கள், லைசென்ஸோடுதான்.

என் முதல் நாளைச் சொல்கிறேன். மைதானத்தில் இரண்டு குழலிலும் தோட்டா போட்டேன். முன் விசையை இழுத்ததும் துப்பாக்கி பின்னால் வந்தது, விரல் வழுக்கிப் பின் விசையில் விழுந்தது, இரண்டும் ஒன்றாக வெடித்தன. மறுநாள் தோள் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. முதல் பத்து நாள் ஒரு குழலில் மட்டும் போடுங்கள். இருப்பதிலேயே எடை குறைந்த தோட்டாவைக் கேட்டு வாங்குங்கள். காதில் அடைப்பான் இல்லாமல் சுடவே சுடாதீர்கள், பாதி கூச்சம் சத்தத்தால் வருவது.

பழைய தோட்டா வெடிக்காமல் 'டிக்' என்றால் உடனே மடக்கித் திறக்காதீர்கள். குழலைத் திடலைப் பார்த்தபடியே முப்பது விநாடி பிடித்திருங்கள். தாமதமாக வெடிப்பதுண்டு.

8. வெளிநாட்டில் வேட்டைக்குப் போகிற நம் பிள்ளைகளுக்கு

தம்பி டெக்சஸில் இருக்கிறான். மானும் காட்டுப்பன்றியும் அங்கே சட்டப்படி அடிக்கலாம். எல்லாவற்றுக்கும் ஒரே ரைபிள், தோளும் நோகக்கூடாது என்றால் .243, 6.5 கிரீட்மோர், 7 எம்எம்-08 மூன்றில் ஒன்று. புதியவருக்குப் பின் இரண்டும்தான் என் தேர்வு, .243-க்குப் பெரிய பன்றியில் குறி இன்னும் துல்லியமாக விழ வேண்டும். 7x57-ஐக் கிழம் என்று ஒதுக்காதீர்கள். ஜிம் கார்பெட் வைத்திருந்த .275 ரிக்பி என்பது அதே தோட்டாதான்.

விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு பொறி. டெக்சஸில் தனியார் நிலத்தில் உரிமையாளர் அனுமதியோடு காட்டுப்பன்றி அடிக்க 2019 முதல் வேட்டை லைசென்ஸ் வேண்டாம். ஆனால் எச்-1பி போன்ற விசாக்காரர் துப்பாக்கி வைத்திருக்கவே கூட்டாட்சிச் சட்டப்படி தடை, செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு. ஆகவே பன்றிக்கு வேண்டாவிட்டாலும் உங்களுக்கு வேண்டும். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் வேட்டைப் பயிற்சி வகுப்பும் முடிக்க வேண்டும்.

9. செலவும் நாளும்

அரசுக் கட்டணம் பெரிதல்ல, லைசென்ஸ் ஐந்து ஆண்டுக்கு என்பதால் ஐந்து ஆண்டுக் கட்டணமும் சேர்த்துக் கட்டுவீர்கள். கையைக் கடிப்பது மற்றவை: கடை வாடகை, நோட்டரி, கூரியர், பயிற்சி, கிளப் சந்தா, இரும்புப் பெட்டி. 'நான் பார்த்துக்கிறேன்' என்று இடையில் வருபவருக்கு ஒரு பைசாவும் கொடுக்காதீர்கள். கோப்பு முழுமையாக இருந்தால் அவருக்கு வேலையே இல்லை.

காவல்துறை அறிக்கைக்கு விதிப்படி முப்பது நாள். அறிக்கை வந்த பின் முடிவெடுக்க அறுபது நாள். ஆக, கோப்பில் ஓட்டை இல்லாவிட்டால் மூன்று, நான்கு மாதத்தில் முடிய வேண்டிய வேலை. சந்தேகம் கேட்டு வந்த கடிதத்துக்கு அன்றே பதில் போடுங்கள். ஒரு கடிதத்தை நான் பத்து நாள் கழித்துத்தான் பார்த்தேன், பூட்டிய வீட்டுத் திண்ணையில் கிடந்தது.

புதுப்பிக்கும் தேதிக்கு மூன்று மாதம் முன்பே நாள்காட்டியில் குறித்துவையுங்கள். தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கியை மறுபடி டெபாசிட் செய்யச் சொல்லி ஆள் வரும். அன்றைக்கு எண்ணை நீங்களே வாய்விட்டுப் படித்து, ரசீதில் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். 8-ஐ 8 என்றுதான் எழுதுகிறார்களா என்று.